வெளியேறிய நேரம் 4.50

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கல் கூட்டம் ஒருவழியாக ஓய்ந்தது. நாலு நாளாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது என்றால் பையைத் திறந்து காட்டிவிட்டு, பாட்டிலை வேட்டிக்குள் சொருகிக்கொண்டு போகிற சனம். இதுகளோடு மல்லுக்கட்டி என் ஆயுசு தேய்ந்ததுதான் மிச்சம். இன்றுதான் மனிதர்கள் மாதிரி மனிதர்கள் வந்தார்கள். குறும்பாறைப் பாதைக்குப் பதினைந்து பேர். அடிக்கெவிப் பாதைக்கு ஆறு பேர்.

வெளியூர்க்காரர்கள் இந்தப் பள்ளத்தைக் கேன்யன் என்கிறார்கள். போர்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. நாங்கள் கெவி என்போம். கூவலாறு மலையை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிறது, அதைப் பார்க்க இத்தனை பேர் காசு கொடுத்து வருகிறார்கள், எனக்கு அதனால் இந்த வனப் பூங்காவின் கீழ் கேட்டில் ஒரு வேலை இருக்கிறது.

அடிக்கெவிக்குப் போன ஆறு பேரில் ஐந்து பேர் காலேஜ் பையன்கள். ஆறாவது ஆள் தனியாக வந்தவர். பெயர் திருமேனி, தாராபுரத்தில் கணக்கு வாத்தியார். கழுத்தில் பைனாகுலர், தோளில் சிவப்புத் துண்டு. பறவை பார்க்க வந்தாராம்.

"எத்தனை மணிக்குள்ள மேல் கேட்டுக்குப் போயாகணுமுங்க?" என்று கேட்டார்.

"நாலு மணிக்குள்ள. நீங்க குருவியப் பாத்துக்கிட்டே நின்னீங்கன்னா நாளைக்கு நாலு மணி ஆயிரும்" என்றேன். சிரித்தார்.

எல்லாரிடமும் ஒப்பிக்கிற பாட்டை அவரிடமும் ஒப்பித்தேன். மஞ்சள் குறியைப் பிடித்தே போங்கள், ஆற்றில் தண்ணீர் ஏறினால் கடக்காதீர்கள், இருந்த இடத்திலேயே இருங்கள், ஆள் வரும். மற்றவர்கள் இதைச் சொல்லும்போது போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "இருந்த எடத்துலயே இருக்கோணும், ஆள் வரும்" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார். எட்டு வருஷத்தில் இதை முழுசாகக் கேட்ட முதல் ஆள். உள்ளே போன நேரம் 8.20.

அடிக்கெவிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் திரும்பி வருவதில்லை. மேல் கேட் வழியாக ஏறி அங்கேயே பஸ் பிடித்துவிடுவார்கள். பதிவேடு மட்டும் என்னிடம். மேல் கேட்டில் இருக்கும் சடையாண்டி அண்ணன் வயர்லெஸ்ஸில் "வந்துட்டாக" என்பார். நான் அவரவர் பெயருக்கு நேரே நேரத்தைப் போட்டுக் கையெழுத்தையும் போட்டுவிடுவேன். இதை வரி மூடுவது என்போம். வரி மூடாமல் கிடந்தால் ரேஞ்சர் சாருக்கு ஆகாது. மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம். எல்லாம் ஒரே கையாக இருந்தால் அசிங்கம் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மாதிரி போடுவேன். ஒன்றைச் சாய்த்து, ஒன்றைக் கிறுக்கி, ஒன்றுக்குக் கீழே கோடு இழுத்து. ஆயிரம் பேரையாவது இப்படி என் கையால் வெளியே அனுப்பியிருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

இன்று மத்தியானத்தோடு என் வயர்லெஸ் பெட்டியின் பேட்டரி செத்துவிட்டது. காலேஜ் பையன்கள் பாதியிலேயே கால் வலிக்கிறது என்று திரும்பி வந்து அவர்களே கையெழுத்துப் போட்டார்கள். வாத்தியார் வரி மட்டும் திறந்து கிடந்தது. ஐந்தே காலுக்கு எனக்குப் பஸ். அவர் இந்நேரம் மேலே போய்ச் சேர்ந்திருப்பார். 4.50 என்று போட்டு, வாத்தியார் கையெழுத்து எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்து, குண்டு குண்டாகத் தமிழில் போட்டேன். பஸ் கிடைத்தது.

ஜனவரி 20, திங்கள்

புது பேட்டரி வந்தது. அதோடு ஒரு தகவலும் வந்தது. மேலே அணையில் பாசனத்துக்கு நேற்று மத்தியானம் ஒரு மணிக்கே தண்ணீர் திறந்துவிட்டார்களாம். கூப்பிட்டுச் சொன்னார்களாம், என் பெட்டிதான் செத்துக் கிடந்ததே. இன்னும் ஒரு வாரம் ஓடும். அதுவரை அடிக்கெவிப் பாதையை மூடி வைக்கச் சொல்லி ரேஞ்சர் சார் உத்தரவு. சங்கிலி போட்டுப் பூட்டினேன். போர்டுகளையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நல்லவேளை, நேற்றுப் போனவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள்.

சடையாண்டி அண்ணன் சாயங்காலம் பேசும்போது, "நேத்து ஈ காக்கா வரல, சும்மாவே உக்காந்திருந்தேன்" என்றார். அவர் மூன்று மணிக்கே டீக்கடைக்குப் போய்விடுகிறவர். அவர் கண்ணில் எது பட்டிருக்கப் போகிறது.

ஜனவரி 21, செவ்வாய்

வார விடுமுறை. துணி துவைத்தேன், மாவாட்டினேன், கொல்லையில் கீரைப் பாத்தியைக் கொத்திவிட்டேன்.

என் வீட்டுக்காரர் போய் இந்தத் தையோடு பதினோரு வருஷம். செருப்புத் தைத்துக்கொண்டு வருகிறேன் என்று போன ஆள். ஒரு மாதம் ஆறு, கிணறு, ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் தேடினேன். கிணற்றில் ஆள் இறக்கிக்கூடப் பார்த்தேன். கடைசியில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேறொருத்தியோடு நன்றாகத்தான் இருக்கிறார் என்று சேதி வந்தது. செத்திருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். இன்று ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மாவாட்டும்போது ஞாபகம் வந்தது.

வேலையை நிரந்தரமாக்கும் பட்டியல் இந்த மாதம் வந்துவிடும் என்கிறார்கள். எட்டு வருஷமாக இதே மாதம்தான்.

ஜனவரி 22, புதன்

பத்து மணிக்கு ஒரு அம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். டிக்கெட் கேட்கவில்லை. போனில் ஒரு போட்டோவை நீட்டினார்.

"ஏனுங்க்கா, இவரு இங்க வந்தாருங்களா?"

வாத்தியார்தான். இந்த அம்மாள் அவர் மனைவி, பெயர் கோகிலவாணி. ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டுப் போனவர் இன்னும் திரும்பவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. கோபித்துக்கொண்டு தம்பி வீட்டில் இருப்பார் என்று இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டாராம்.

"வந்தாரு தாயி. ஞாயித்துக்கெழமயே வெளிய போயிட்டாரே" என்றேன். வாய் முந்திக்கொண்டது. பதிவேட்டை எடுத்து வேறு காட்டினேன்.

அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது அவரு கையெழுத்தாட்டவே இல்லீங்களே."

சொல்வதற்கு அப்போது ஒரு நிமிஷம் இருந்தது. அதற்குள் அவரே சமாதானம் கண்டுபிடித்துவிட்டார்.

"கோவத்துல போட்டிருப்பாருங்க. சனிக்கெழம நான் ரொம்பப் பேசிப்போட்டனுங்க்கா. லீவு வுட்டாக் காடு மேடுன்னு போறீங்களே, போனா அங்கயே இருந்துக்குங்கன்னு சொல்லிப்போட்டேன். அந்தக் கோவம் கையெழுத்துல கூட இருக்குது பாருங்க."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். பஸ் நிலையத்தில் போட்டோவைக் காட்டிக் கேட்கப் போகிறாராம்.

ஆம்பளைகள் போவார்கள். சொல்லாமல் போவார்கள். எனக்குத் தெரியாததா? வாத்தியார் வேலை பார்த்தால் மட்டும் போகமாட்டார்களா? மேலே ஏறி, பஸ் பிடித்து, எங்கேயோ போயிருக்கிறார். அவ்வளவுதான்.

ஜனவரி 23, வியாழன்

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பதிவேட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "நாலு அம்பதுக்கு வெளிய வந்த ஆள உள்ள தேடி என்ன பண்றது?" என்று ஒருவர் சொன்னார். லாட்ஜ், ரயில்வே ஸ்டேஷன் என்று பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

ரேஞ்சர் சார் அவர்கள் போகும்வரை நின்றிருந்துவிட்டு என்னிடம் வந்தார். "நல்லவேளை பேச்சியம்மா, வரி மூடியிருந்துச்சு. இல்லன்னா இந்நேரம் நம்ம எல்லார் தலையும் உருண்டிருக்கும்" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. நானும் சிரித்தேன்.

பிறகு வயர்லெஸ்ஸில் சடையாண்டி அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம சாயங்காலம் செவப்புத் துண்டு போட்ட ஆளு யாரும் மேல வந்தாரா?"

"அன்னைக்கு டீக்கடைக்குக்கூடப் போகல ஆத்தா, வயித்து வலி. கேட்டுலயேதான் படுத்துக் கெடந்தேன். ஒருத்தரும் வரல. ஏன் கேக்குற?"

"சும்மாதான்" என்றேன்.

ஜனவரி 24, வெள்ளி

மஞ்சள் குறி அழிந்திருக்கிறதா என்று பார்க்கப் போவதாகச் சொல்லி, கேட்டை மற்றொரு வாட்சரிடம் விட்டுவிட்டுச் சங்கிலியைத் தாண்டி உள்ளே இறங்கினேன்.

முதல் ஒரு கிலோமீட்டர் மூங்கில் காடு. அதற்கப்புறம் பாதை பாறையோடு ஒட்டிக்கொண்டு போகும், இடது பக்கம் எட்டிப் பார்த்தால் ஆறு. வழக்கமாகக் கீழே ஒரு வெள்ளைக் கோடு மாதிரி தெரிகிற ஆறு இன்று பழுப்பாக வந்துகொண்டிருந்தது. இரைச்சலில் என் செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வழியில் ஓரிடத்தில் எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தின் இலை கிடந்தது. யாருடையதோ. இரண்டு இடத்தில் குறி மங்கியிருந்தது. எழுதிவைத்துக்கொண்டேன்.

நாலு கிலோமீட்டரில் முதல் துறை. அங்கே கல் மேல் கால் வைத்து அக்கரைக்குப் போகவேண்டும், பிடித்துக்கொள்ளக் கயிறு உண்டு. கல்லும் இல்லை, கயிறும் இல்லை, எல்லாம் தண்ணீருக்கு அடியில். அக்கரையில் அரைக் கிலோமீட்டர் போய் இரண்டாம் துறையில் மறுபடி இக்கரைக்கு வந்தால்தான் மேல் கேட்டுக்கு ஏற முடியும். அந்த அரைக் கிலோமீட்டருக்கு ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் செங்குத்தாகப் பாறைச் சுவர், நடுவில் ஒரு வண்டிப் பாதை அகலத்துக்கு மணல். இரண்டு துறையிலும் தண்ணீர் ஏறினால் அங்கே இருக்கிறவர் அங்கேயேதான். அந்த யோசனை எனக்கு வரக்கூடாது என்று பார்த்தேன், வந்துவிட்டது.

வாத்தியாரே என்று கூப்பிட்டேன். இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கரையில் ஒரு பாறை மேல் சிவப்பாக ஏதோ தெரிந்தது. இலவம்பூவாக இருக்கும். இந்த வருஷம் முன்னாலேயே பூத்துவிட்டது போலிருக்கிறது.

திரும்பி வரும்போது கால் தடுமாறி முழங்கை சிராய்த்துவிட்டது. மஞ்சள் பத்துப் போட்டிருக்கிறேன். நாளைக்கு ரேஞ்சர் சாரிடம் சொல்லிவிடுவேன்.

ஜனவரி 25, சனி

சொல்லவில்லை. ரேஞ்சர் சார் மீட்டிங் போயிருந்தார்.

கோகிலவாணி மறுபடி வந்தார். மூன்று நாளாகப் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியதில் முகம் பாதியாகிவிட்டது. அவர் என் ஸ்டூலில் உட்கார, நான் கீழே படியில் உட்கார்ந்தேன்.

"வெளிய வாரப்ப அவரு மொகம் எப்பிடிங்க்கா இருந்துச்சு? கோவமா இருந்தாருங்களா?"

இந்த ஒன்றைக் கேட்பதற்காகவே தாராபுரத்திலிருந்து வந்திருக்கிறார். அவர் வெளியே வந்ததைப் பார்த்த ஒரே ஆள் நான்தானே, பதிவேட்டின்படி.

"இல்ல தாயி. சிரிச்ச மொகமாத்தான் வந்தாரு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த முகம் கொஞ்சம் தெளிந்ததைப் பார்த்ததும் என் வாய் நிற்கவில்லை. "மோர் வாங்கிக் குடிச்சாரு. பழனிக்கு எத்தன மணிக்குப் பஸ்ஸுன்னு கேட்டாரு."

"பழனிக்குங்களா?" எழுந்து நின்றுவிட்டார். "புள்ள பத்தாவது பாஸாகோணும்னு மொட்ட போடறதா வேண்டியிருந்தாருங்க. அங்கதான் இருக்காரு. மலையடிவாரத்துல மடத்துல எங்கியாச்சும் படுத்திருப்பாருங்க." என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கோணுமுங்க்கா."

பழனி பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். பத்து பேரைக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் நிறுத்தியிருக்க வேண்டிய பொம்பளையை, கைகாட்டி ஏற்றி, எதிர்த்திசையில் அனுப்பினேன். திருப்பூர்ச் சேதி வரும்வரை ஒரு மாதம் என்னையும் எத்தனை பேர் எந்தெந்த ஊருக்கு அனுப்பினார்கள்! சபித்தேன் அவர்களை.

ஜனவரி 26, ஞாயிறு

ரேஞ்சு ஆபீசில் கொடியேற்றினார்கள். லட்டு கொடுத்தார்கள். நிரந்தரப் பட்டியல் வந்துவிட்டதாகவும் என் பெயர் மூன்றாவது என்றும் ரேஞ்சர் சார் எல்லார் முன்னாலும் சொன்னார். கைதட்டினார்கள்.

எல்லாரும் கலைந்ததும் அவரிடம் போய்ச் சொன்னேன். வயர்லெஸ் செத்தது, சடையாண்டி அண்ணன் சொன்னது, நான் வரி மூடியது, எல்லாம். அக்கரையில் சிவப்பாகத் தெரிந்ததையும் சொன்னேன். அது துண்டாக இருக்கலாம் என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பேச்சியம்மா, இன்னையோட எத்தனை நாள்?"

"எட்டாவது நாளு சார்."

"சோறு இல்லாம, ராத்திரிப் பனியில எட்டு நாள். இருப்பாரா?"

நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இப்ப தீயணைப்பு, போலீஸ்னு கூப்பிட்டா மொதல்ல பதிவேட்டைத்தான் கேப்பாங்க. எல்லா வரியையும் பாப்பாங்க. உன் ஒருத்தி வேலை மட்டுமா போகும்? நாளைக்குக் காலையில தண்ணி நிறுத்துறாங்க. வடியறதுக்கு ரெண்டு நாள். புதன்கிழமை வழக்கமான ரோந்து மாதிரி நாமளே போவோம். இருந்தா கூட்டிட்டு வருவோம். இல்லன்னா... அது அவர் விதி."

சரி சார் என்றேன். லட்டு கையிலேயே இருந்தது. வரும் வழியில் தின்றேன். பசித்தது.

ஜனவரி 27, திங்கள்

தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் ஒன்பது.

ஜனவரி 28, செவ்வாய்

விடுமுறை. தலைக்குக் குளித்தேன். ஒரு வேலையும் ஓடவில்லை. சாமி விளக்கு ஏற்றிவிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். உயிரோடு இருக்கட்டும் என்று கேட்டால் அவர் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அந்த நினைப்பும் எனக்கு வந்தது. வந்தது என்று எழுதித்தான் ஆகவேண்டும்.

ஜனவரி 29, புதன்

ரேஞ்சர் சார், சடையாண்டி அண்ணன், நான், இன்னும் இரண்டு வாட்சர்கள். ஏழு மணிக்கு இறங்கினோம். முதல் துறையில் தண்ணீர் தொடை அளவு. கயிற்றைப் பிடித்துக் கடந்தோம்.

பாறை மேல் சிவப்புத் துண்டுதான் விரித்திருந்தது. நாலு மூலையிலும் கல் வைத்து, பாதையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி விரித்திருந்தார். பாறைக்குக் கீழே நாணலை ஒடித்துப் படுக்கை. பக்கத்தில் பை, பைனாகுலர், கழுவிக் கவிழ்த்து வைத்த டிபன் பாக்ஸ். ஒரு கல்லில் கூரான கல்லால் கோடு கிழித்திருந்தார், நாளுக்கு ஒன்று. சடையாண்டி அண்ணன் எண்ணினார். எட்டு.

ஆள் அங்கிருந்து நூறு அடியில், சுவருக்கு அடியில் கிடந்தார். மேலே எட்டாள் உயரத்தில் மண் சரிந்திருந்தது. ஏற முயன்றிருக்கிறார்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு இரண்டு நாளுக்கு மேல் ஆகவில்லை என்றார். அதாவது திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நான் லட்டைத் தின்றுகொண்டு போனபோது அவர் உயிரோடு இருந்தார். வெள்ளிக்கிழமை நான் இக்கரையில் நின்றபோதும் இருந்தார். பைனாகுலர் வைத்திருந்தவர். என்னைப் பார்த்தாரா என்பதுதான் காலையிலிருந்து என் மண்டையைக் குடைகிறது. பார்த்திருந்தால், ஆள் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். நான் திரும்பிப் போனதையும் பார்த்திருப்பார்.

தண்ணீர் ஏறினால் கடக்காதே என்றேன், கடக்கவில்லை. இருந்த இடத்திலேயே இரு என்றேன், எட்டு நாள் இருந்தார். ஆள் வரும் என்றேன்.

சடையாண்டி அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. தூக்கிக்கொண்டு வரும்போது மட்டும், "சும்மாதான்னு சொன்னியே ஆத்தா" என்றார்.

ஜனவரி 30, வியாழன்

வாக்குமூலம். ரேஞ்சர் சாரே எழுதி வைத்திருந்தார். மேற்படி நபர் 19ஆம் தேதி மாலை 4.50க்குப் பூங்காவை விட்டு வெளியேறிவிட்டார் என்றும், பிறகு யாருக்கும் தெரியாமல் வேறு வழியாக மறுபடி உள்ளே நுழைந்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தது. குடும்பத் தகராறு என்று ஒரு வரி. அந்த வரியை எழுதுவதற்குத் தகவல் கொடுத்தது கோகிலவாணியேதான்.

கீழே கையெழுத்துப் போட்டேன். என் சொந்தக் கையெழுத்து. அது நன்றாகவே வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கோகிலவாணி உட்கார்ந்திருந்தார். அழுது முடித்திருந்தார். மகள் பக்கத்தில் நின்றிருந்தது, அப்பா ஜாடை. பக்கத்தில் யாரோ சொந்தக்காரப் பொம்பளை இன்னொருத்தியிடம் சொன்னாள்: "வெளிய வந்த மனுசன் எதுக்குத் திரும்ப உள்ள போவான்? சாகறதுக்குத்தான் போயிருக்கான். இவ அப்பிடிப் பேசியிருக்கா." மெதுவாகச் சொல்லவில்லை. கோகிலவாணி காதில் விழுகிற மாதிரிதான் சொன்னாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. மறுக்கவும் இல்லை. அவரும் அதைத்தான் நம்புகிறார்.

பிப்ரவரி 1, சனி

நிரந்தர ஆணை வந்தது. அடுத்த செவ்வாய் விடுமுறையில் தாராபுரம் போவது என்று முடிவு செய்தேன். வேலை போனால் போகட்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், என் வீட்டுக்காரர் போனதற்கு நான்தான் காரணம் என்று ஊர் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். என் விஷயத்திலாவது ஆள் உயிரோடு இருந்தார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

போய்விட்டு வந்துவிட்டேன்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஓட்டு வீடு, சுவரில் கரும்பலகை ஒன்று, அதில் பாதி போட்ட கணக்கு யாரும் அழிக்காமல் இருந்தது. கோகிலவாணி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளில் சாய்ந்துகொண்டார். "கேட்டுக்கார அக்கா, அவரக் கடைசியாப் பாத்தவங்க" என்று உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னார். அவர்கள் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவரை மட்டும் அடுப்படிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். வழியெல்லாம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதால் தடங்கல் இல்லாமல் வந்தது.

"தாயி, அந்தக் கையெழுத்து அவரு போட்டதில்ல. நான் போட்டது. அவரு வெளிய வரவே இல்ல. தண்ணி ஏறிப்போச்சு, அக்கரையில மாட்டிக்கிட்டாரு. ஆள் வரும்னு எட்டு நாளு காத்துக்கிட்டே இருந்திருக்காரு. உங்க மேல கோவிச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ணல. வீட்டுக்கு வரத்தான் அந்தச் செவுத்துல ஏறியிருக்காரு. நான் அன்னைக்கே சொல்லியிருந்தா உசுரோட கொண்டாந்திருப்போம்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கன்னத்தைத் தடவினார்.

"ஆருங்க்கா இப்பிடிச் செய்வாங்க? என் மனசு ஆறோணும்னு, பழியத் தூக்கி உங்க மேலயே போட்டுக்கறீங்களே."

"பழி இல்ல தாயி, நெசம்."

"போலீசுலயே எழுதிக் குடுத்துட்டாங்கக்கா. உங்க கையெழுத்தும் அதுல இருக்குது, நான் பாத்தேன். எனக்குத் தெரியுமுங்க அவரு ஏன் உள்ள போனாருன்னு. நான் சொன்னதத்தான் செஞ்சாரு. அங்கயே இருந்துக்குங்கன்னு சொன்னேன், இருந்துக்கிட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வுடுங்க. உங்க நல்ல மனசு எனக்குப் போதும். ரெண்டு வாய் சாப்புட்டுட்டுப் போங்க."

என் பையில் இந்த டைரி இருந்தது. அதற்காகத்தான் கொண்டுபோனேன், நம்பவில்லை என்றால் காட்டலாம் என்று. ஜனவரி 19ஐத் திறந்து கையில் கொடுத்திருந்தால் போதும். எல்லாம் தேதியோடு இருக்கிறது. பை மடியில்தான் இருந்தது, கையும் பை மேல்தான் இருந்தது. நிரந்தர ஆணையும் அதே பையில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம். மறக்கவில்லை. அவர் அக்கா என்று கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவிய பிறகு அதை எடுக்க என்னால் முடியவில்லை, எடுக்க எனக்கு விருப்பமும் இல்லை.

இலை போட்டார். வத்தக்குழம்பும் பொரியலும். நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருந்தார். பொரியலை வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க்கா. பழனி பஸ்ஸக் கேட்டாருன்னு சொன்னீங்களே, அது மட்டும் நெசந்தானுங்களா? வெளிய வந்தப்ப அவருக்குச் சாகற நெனப்பு இல்ல, புள்ளைக்காக மொட்ட போடற நெனப்புத்தான் இருந்துச்சு. அப்பறம் எங்கியோ மனசு மாறிப்போச்சு. அந்த ஒரு மணி நேரமாவது எங்கள நெனச்சாருன்னு வெச்சுக்கிட்டுத்தான் நான் நடமாடிட்டிருக்கறனுங்க."

"ஆமா தாயி, கேட்டாரு" என்றேன்.

இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.